ஊருக்கெல்லாம் ஒரு முதுகு

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறையைத் திறக்க வரும்போது, அவர் எனக்கு முன்பே வந்து வாசல் வாங்கில் இருப்பார். சாய்ந்து இருக்கமாட்டார். வாங்கின் நுனியில், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து, சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்தபடி இருப்பார். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ மிஸ்ஸி" என்று, தாதியான என்னையே என்னுடைய அறைக்கு வரவேற்பார். எனக்கு அந்த இடத்திலேயே எரிச்சல் தொடங்கிவிடும். கொழும்புத்துறையிலிருந்து வெளிக்கிட்டு, யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, சாவகச்சேரி வரைக்கும் நின்றுகொண்டு வந்த களைப்பு ஒரு பக்கம். ஒரு மனுசன் தானாகத் தேடிப்போய் ஓட்டை போட்டுக்கொண்ட முதுகைக் கழுவுவதுதான் இன்றைக்கு முதல் வேலை என்ற கோபம் மறுபக்கம்.

"ஒரு வருத்தமும் இல்லாமல் வந்து முதல் ஆளா நிக்கிறியள். வெக்கமில்லையோ அண்ணை?" என்று கேட்பேன்.

"வருத்தக்காரர் வரமுன்னம் போயிடுவம் எண்டுதான் வெள்ளெனவே வந்தனான் மிஸ்ஸி" என்பார். அது சாட்டு இல்லை. வேறொருவருடைய முறையைத் தான் பிடித்துவிடக்கூடாது என்று உண்மையாகவே நினைத்துத்தான் விடிய முன்னம் எழும்பி வந்திருப்பார். அதனால் அவரோடு சண்டை பிடிப்பதும் கஷ்டம்.

தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரைக்கும் இரண்டு பக்கமும் துளைகள் இருக்கும். செடில் காவடி எடுப்பவர்களின் முதுகுத் தோலில் கொழுக்கி மாதிரி முள் ஏற்றுவார்கள். தூக்குக்காவடி என்றால் அதே முள்ளில் ஆளைக் கட்டி, உழவு இயந்திரத்தில் பூட்டிய மரத்திலிருந்து தொங்கவிட்டு, மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். தென்மராட்சியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது புதினமில்லை. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். எங்கள் ஆட்களும் நேர்த்தி வைத்து முழங்காலில் கோயில் வாசல் வரைக்கும் போகிறவர்கள்தான். என்றாலும் ஒரு மனுசன் முள்ளில் தொங்குவதைக் கண்டால் நான் முகத்தைத் திருப்பிவிடுவேன்.

இவர் அதை ஒருதரம் செய்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஆள் இல்லை. அம்மன் கோயிலுக்கு ஒன்று, முருகன் கோயிலுக்கு ஒன்று என்று வருடத்துக்கு வருடம் வந்துகொண்டே இருப்பார். அதில் ஒன்றுகூடத் தனக்காகச் செய்ததில்லை.

அவருடைய ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அங்கே ஒரு கஷ்டம் வந்தால் கை தானாக ஊர்க்கோயிலைக் கும்பிடும். 'முருகா, விசா கிடைச்சால் உனக்குக் காவடி' என்று வாய் சொல்லிவிடும். விசா கிடைக்கும், லீவு கிடைக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு தடங்கல் வரும். கடவுளுக்குக் கொடுத்த வாக்கைத் தீர்க்க ஊரில் ஒரு முதுகு வேண்டும் என்று தேடினால், எல்லோருடைய போனிலும் இவருடைய நம்பர் இருந்தது.

கனடாவில் வீடு வாங்கியவருக்காகத் தொங்கினார். சுவிஸில் கலியாணம் சரிவந்த ஒருத்திக்காகத் தொங்கினார். நோர்வேயில் கார் லைசென்ஸ் கிடைத்த ஒரு பெடியனுக்காக ஒருமுறை முள் குத்திக்கொண்டு வந்து நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"லைசென்சுக்குமோ அண்ணை?"

"பாவம் மிஸ்ஸி. அங்கை பனிக்குள்ளை ஓடிக் காட்டவேணுமாம். நாலைஞ்சுதரம் பெயிலாம். பெடியன் அழுதிட்டான்."

பனியைக் கண்ணாலும் கண்டிராத மனுசன், அந்தப் பெடியன் சறுக்கி விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொன்னார். நான் பஞ்சை எடுத்தேன்.

இதற்குக் காசு வாங்கமாட்டார். அதனால் அவர்கள் ஊருக்கு வருகிற யாரிடமாவது கோடாலித் தைலம் கொடுத்துவிடுவார்கள். அலுமாரியில் உடுப்பு வைக்க இடமில்லாமல் தைலப் போத்தல் நிற்கிறது என்று அவருடைய மனைவி சொல்லுவாள். முள் ஏறின முதுகில் அதைப் பூசினால் என்ன எரிவு எரியும் என்று அனுப்பினவர்களில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் அதை ஊரிலுள்ள தலையிடிக்காரருக்கும் தடிமன்காரருக்கும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் அறை அலுமாரியிலும் ஒன்று இருந்தது.

அவரிடம் ஒரு லாண்ட்மாஸ்டர், பெட்டி பூட்டிய சின்ன உழவு இயந்திரம், இருந்தது. உழவுக்கும் போவார், கல்லு மண்ணும் ஏற்றுவார். முதுகு இல்லாவிட்டால் நடக்காத வேலை. திருவிழா முடிந்து இரண்டு நாளில் மறுபடி அதில் ஏறிவிடுவார். குலுக்கிற ரோட்டில் எப்படி ஓடுகிறீர்கள் என்று கேட்டால், "பிழையில்லை" என்பார்.

எதற்கும் அவரிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். ஸ்பிரிட் பட்டாலும் பிழையில்லை, ரெற்றனஸுக்கு ஏற்பு ஊசி போட்டாலும் பிழையில்லை. முதலில் நான் அதை அப்படியே நம்பினேன். கொஞ்சக் காலம் போகத்தான் அந்தப் பிழையில்லைகளுக்குள் வித்தியாசம் இருப்பது தெரிந்தது. உடனே சொன்னால் நோ குறைவு. ஒரு மூச்சை உள்ளே இழுத்து, கொஞ்சம் பொறுத்து, பிறகு சொன்னால் நன்றாக நோகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நான் அவருடைய வாயைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்துத்தான் மருந்து கட்டினேன்.

ஒரு வருடம் புதிதாக ஒரு இளம் டொக்டர் வந்தார். கொழும்பில் படித்து வளர்ந்த தமிழ்ப் பெடியன், நல்ல பிள்ளை, யாரையும் எடுத்தெறிந்து கதைக்கத் தெரியாது. முதல் தடவையாக அந்த முதுகைக் கண்டபோது அவருடைய முகம் வெளிறிவிட்டது. விசாரித்து எல்லாம் கேட்டு, காவடிக்காரர் போன பிறகு என்னிடம், "மிஸ்ஸி, இவர் ஒரு மசோகிஸ்ட்" என்றார்.

அந்தச் சொல்லைப் பயிற்சிக் காலத்தில் எங்கேயோ படித்த ஞாபகம் மட்டும் எனக்கு இருந்தது. அர்த்தம் கேட்டேன்.

"நோவிலை சந்தோசம் காணுற ஆக்கள். தங்களைத் தாங்களே வருத்தி, அதிலை ஒரு இன்பம். முதலிலை அது படுக்கையறைச் சங்கதிக்குச் சொன்ன சொல்லு" என்று தொடங்கியவர், என்னுடைய வயதை நினைத்தோ என்னவோ வெட்கப்பட்டு, "இப்ப எல்லாத்துக்கும் சொல்லுறவை" என்று முடித்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள் என்பது ஒரு கிழமைக்குள்ளேயே எனக்கு விளங்கியது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சொல் வந்தால் தடிமன் வந்த மாதிரித்தான், ஒருவரும் தப்பமுடியாது. தோற்கிற கிரிக்கெட் ரீமையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கிளாக்கர் மசோகிஸ்ட் ஆனார். கன்ரீன் தேத்தண்ணியைத் திட்டித் திட்டி இரண்டு கோப்பை குடிக்கிற அற்றென்டன் மசோகிஸ்ட். வீட்டில் நான் அதை வாய்தவறிச் சொல்ல, கம்பஸில் படிக்கிற என் மகள், "பென்சனிலை போகலாம் எண்டு சொல்லியும் கேக்காமல் பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு போறியள். நீங்களும் அதுதான் அம்மா" என்றாள். சொல் வாசலுக்கு வெளியிலும் போனது. ஓட்டோ ஸ்ராண்ட் பெடியள் அதைப் பாதியாக வெட்டி, அவரை 'மாசோ அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் அதை ஏதோ ஜப்பான் மோட்டார் சைக்கிளின் பெயர் என்று நினைத்து, கை காட்டிவிட்டுப் போவார்.

ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டார்.

"மிஸ்ஸி, உந்த மாசோ எண்டால் என்ன? பெடியள் என்னைப் பாத்துச் சொல்லுறாங்கள்."

குப்புறப் படுத்திருந்தார். முகம் தெரியவில்லை. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நோகேக்கை சந்தோசப்படுற ஆக்களை அப்பிடிச் சொல்லுறவை அண்ணை" என்றேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பினார்.

"அப்பிடியும் ஆக்கள் இருக்கினமோ? குடுத்துவைச்சவை" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு, அந்தச் சொல்லை நினைக்க நினைக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. பொறாமைப்பட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. நோ என்பது தனக்குச் சந்தோசமாக இருந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று அவர் அந்த இடத்தில் கணக்குப் பார்த்திருக்கிறார்.

அவர் எப்படிப்பட்ட மனுசன் என்பது எனக்கு விளங்கியது இன்னொரு நாளில். அவரை ஸ்ரூலில் இருத்தி முதுகில் மருந்து கட்டிவிட்டு, தட்டத்தை எடுத்துவைக்கத் திரும்பியிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் காலில் போத்தல் ஓடு வெட்டின ஒரு சிறுமிக்குத் தையல் போட டொக்டர் வந்தார். பிள்ளை கத்தவில்லை, முனகிக்கொண்டு தாயின் கையைப் பிடித்திருந்தது. முதல் தையல் ஏறியது. எனக்குப் பக்கத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இவர் நிலத்தில் கிடக்கிறார். முள்ளில் தொங்கின மனுசன், அடுத்தவரின் பிள்ளைக்குத் தையல் போடுவதைப் பார்த்து மயங்கிவிட்டார். டொக்டர் பிள்ளையை விட்டுவிட்டு இவருக்கு முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியதாகிவிட்டது. கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்கு முடிஞ்சுதோ?"

அதன் பிறகு டொக்டர் அவரை அந்தச் சொல்லால் சொன்னதை நான் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் அவரில் ஒரு அன்பு வந்தது. அதுவரைக்கும் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவியையும் அந்த நாளில்தான் நன்றாகப் பழக்கம் பிடித்தேன். அவரோடு எப்போதும் வருவாள், ஆனால் அறைக்குள் வரமாட்டாள். சீலைத் திரைக்கு வெளியே நின்றுகொண்டு, "நல்லா நோகப்பண்ணி விடுங்கோ மிஸ்ஸி. அப்பவாவது புத்தி வரட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவாள். நான் ஸ்பிரிட்டை வைத்ததும் திரையின் கீழ்நுனியை அவள் கசக்கிப் பிடிப்பது எனக்கு உள்ளேயிருந்து தெரியும். அவர் மயங்கி விழுந்த அன்று, அவரை வாசல் வாங்கில் இருத்திவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டுக் கதைத்தாள்.

"இவருக்கு நோகிறேல்லை எண்டு ஊர் நினைக்குது மிஸ்ஸி. அருள் எண்டுதுகள். வீட்டை வந்து பாருங்கோ. மூண்டு நாளைக்குக் குப்புறத்தான் படுக்கை. பாய் நுனியைக் கடிச்சுக்கொண்டு கிடப்பார். நான் எழும்பி விசிறினால், நித்திரை மாதிரி நடிப்பார்."

"சின்னனிலையே இப்பிடியோ?" என்றேன்.

"இவரின்ரை காதைப் பாத்தனீங்களே? ரெண்டிலையும் துளை கிடக்கு. தங்கச்சிக்குக் காது குத்தேக்கை, அவள் அழமுன்னம் இவர் அழுது, எனக்கு முதல் குத்துங்கோ எண்டு போய் இருந்தவராம். மாமி சொல்லுறவ. தனக்குக் குத்தினால் அவளுக்குக் கொஞ்சம் குறையும் எண்டு நினைச்சிருக்கிறார். அண்டைக்குப் பிடிச்ச பைத்தியம். இன்னும் விடேல்லை."

அவர் வாங்கில் இருந்தபடி, தையல் போட்ட சிறுமிக்குத் தன்னுடைய சேட்டுப் பையிலிருந்த ரொபியை நீட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு வருடம், முருகன் கோயில் திருவிழா முடிந்து மற்றத் துளைகள் எல்லாம் மூடின பிறகும் தோள்பட்டைக்குக் கீழே ஒன்று மட்டும் மூடவில்லை. கிழமைகள் போய் மாதமானது. இரத்தம் சோதித்தபோது சீனி வருத்தம் என்று தெரியவந்தது. டொக்டர் அவரையும் மனைவியையும் இருத்தி, தெளிவாகச் சொன்னார். இனி முள் ஏற்றக்கூடாது. ஏற்றினால் புண் ஆறாது, கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அவர் தலையாட்டி, "பிழையில்லை டொக்டர், இனி இல்லை" என்றார். மனைவி அன்றைக்கு முதல் தடவையாகத் திரைக்கு இந்தப் பக்கம் வந்து, என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "முருகன் கண் திறந்திட்டான் மிஸ்ஸி" என்றாள். ஒரு பெண் தன் புருசனுக்குச் சீனி வருத்தம் என்று கேட்டுச் சந்தோசப்பட்டதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோசம் அடுத்த திருவிழா வரைக்கும் நிற்கவில்லை. அவர்களுடைய ஒழுங்கையில் பிறந்து வளர்ந்து கனடாவுக்குக் கலியாணம் கட்டிப்போன ஒரு பெண் இருந்தாள். அவளுடைய சின்ன மகனுக்கு இருதயத்தில் ஓட்டை, ஒப்பரேசன் செய்யவேண்டி வந்தது. பிள்ளையை உள்ளே கொண்டுபோன நேரத்திலிருந்து இவர் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்கும் போகாமல், சாப்பிடாமல் இருந்தாராம். கடைசியில் அவள் எடுத்தாள். பிள்ளை கண் முழித்துவிட்டான் என்று அழுதாள். அழுகையோடேயே, "அண்ணை, தியேட்டர் வாசல்லை நிண்டு முருகனுக்குத் தூக்குக்காவடி நேந்திட்டன்" என்றாள். யார் தொங்குவது என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அவருடைய சீனி வருத்தமோ, மூடாத புண்ணோ அவளுக்குத் தெரியாது. இவர் சொல்லவில்லை.

மருந்து கட்ட வந்த நாளில், அவர் உள்ளே சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்க, மனைவி என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தன்ரை பிள்ளைக்கு என்ரை மனுசன்ரை முதுகை நேந்திருக்கிறாள் மிஸ்ஸி" என்றாள். "அவளைக் கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு. தாய்தானே."

நான் உள்ளே போய் அவரைப் பேசினேன். எனக்குத் தெரிந்த எல்லாப் பயமுறுத்தலும் சொன்னேன். ஐ.சி.யு. என்றேன், செத்த வீடு என்றேன். அவர் குப்புறப் படுத்தபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது சரிதான் மிஸ்ஸி. ஆனால் நான் மாட்டன் எண்டு சொல்லி, பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? அந்தத் தாய் என்ன நினைக்கும்? நேத்தி தீக்காததாலைதான் எண்டு சீவியம் முழுக்க நினைச்சுக்கொண்டு கிடக்கும். அதை என்னாலை பாத்துக்கொண்டு இருக்கேலாது."

"உங்கடை மனுசி நினைக்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்க மட்டும் ஏலுமோ?"

அதற்கு அவர் பிழையில்லை என்று சொல்லவில்லை. நான் பழைய மருந்துத் துணியை எடுத்தேன். உள்ளே சிவந்து, ஓரம் வெளிறி, ஒரு விரல் நுனி போகிற அளவுக்குக் குழி இருந்தது.

அந்த நேரம் மனைவி உள்ளே வந்தாள். கையில் அவருடைய போன் இருந்தது. வீடியோவில் அந்தக் கனடாப் பெண்ணின் முகம் தெரிந்தது. மனைவி போனைத் திருப்பி அவருடைய முதுகுக்கு நேரே பிடித்தாள். நோயாளியின் புண்ணை இப்படிக் காட்டக்கூடாது என்று நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. புண்ணுக்கு நல்ல வெளிச்சம் படும்படி கொஞ்சம் விலகியும் நின்றேன்.

அவள் அதுவரைக்கும் இவருடைய முதுகைப் படங்களில் மட்டும்தான் கண்டிருக்கிறாள். பூமாலை, திருநீறு, மேளம், அந்தரத்தில் கும்பிட்ட கை. போனில் அவளுடைய முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"அக்கா" என்றது பிறகு ஒரு சின்னக் குரல். "அண்ணை ஒருநாளும் நோகுது எண்டு சொல்லேல்லையே."

"நீ கேட்டனியே பிள்ளை?" என்றாள் மனைவி.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். நோர்வேப் பெடியனிடமும், சுவிஸ் பெண்ணிடமும், வீடு வாங்கினவரிடமும் கேட்க நினைத்த கேள்வி எல்லாம் சேர்ந்து அந்தக் கனடாப் பெண்ணின் மேல் போய் விழுந்தது. அவர் அவசரமாக எழும்பி, "அவள் சும்மா பயப்பிடுறாள் பிள்ளை, நீ யோசியாதை" என்று போனைப் பறிக்கப் பார்த்தார். நான் அவருடைய தோளை அமத்திப் படுக்கவைத்தேன். தாதி வேலையில் எனக்கு நன்றாகக் கைவந்த ஒன்று அது.

திருவிழாவுக்குச் சில நாள் முன்பு அந்தப் பெண் வந்து இறங்கினாள். பிள்ளையைத் தகப்பனோடு விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். நேரே ஐயரிடம் போய், "நேந்தது தூக்குக்காவடி. அண்ணைக்கு ஏலாது. நான் அடியழிச்சால் முருகன் ஏற்பாரோ?" என்று கேட்டிருக்கிறாள். அடியழிப்பது என்றால், பெண்கள் கோயில் வீதியில் முழங்காலில் இருந்து, நெற்றி மண்ணில் படக் கும்பிட்டு, எழும்பி ஓரடி வைத்து, மறுபடி விழுந்து, அப்படியே முழு வீதியையும் சுற்றி வருவது. "நேந்தவளே வந்து செய்யிறதுக்கு மேலை என்ன இருக்கு பிள்ளை" என்று ஐயர் சொல்லிவிட்டார். முள்ளும் போய்விட்டது, பழியும் போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"முடியேல்லை மிஸ்ஸி" என்றாள் மனைவி. "நீங்கள் தேருக்கு வரவேணும். இவரைப் பிடிச்சு வைச்சிருக்க இன்னொரு ஆள் வேணும்."

தேரன்று நான் மருந்துப் பையோடு போனேன். வேதக்காரி கோயில் வீதியில் நிற்பதை ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. மிஸ்ஸி தண்ணீர்ப் பந்தலுக்கு வந்திருக்கிறா என்று நினைத்திருப்பார்கள். தேர் இருப்புக்கு வந்த பிறகு, உச்சி வெய்யிலில் அவள் தொடங்கினாள். வெள்ளை மணல். செருப்பில்லாமல் நின்ற எனக்கே உள்ளங்கால் பொரிந்தது. அவளுடையதோ வருடக்கணக்காகச் சப்பாத்தும் சொக்ஸும் போட்டு, கார்ப்பெற்றில் நடந்த கால். முதல் வீதியிலேயே முழங்காலில் சேலை மண்ணோடு ஒட்டத் தொடங்கியது.

அவரை நாங்கள் இருவரும் மதிலோரம் நிழலில் நிற்பாட்டியிருந்தோம். நின்றார் என்று சொல்லமுடியாது. அவள் விழும்போது இவருக்கும் முழங்கால் மடியும், எழும்பும்போது மூச்சு வரும். ஒருமுறை கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்த் தண்ணீர்ப் பவுசர்க்காரனை மறித்து, அவளுக்கு முன்னால் தண்ணீர் விடச் சொன்னார். சனத்துக்குள் பவுசர் வர வழியில்லை. ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து தானே தெளித்தார். மணல் அதை ஒரு நொடியில் குடித்துவிட்டது. பிறகு ஐயரிடம் ஓடினார்.

"ஐயா, மிச்சத்தை நான் பிரதட்டை பண்ணட்டோ? உருளுறதுதானே, முள் இல்லைத்தானே."

ஐயர் மனைவியைப் பார்த்தார். மனைவி பார்த்த பார்வையில் ஐயர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் அவளிடமே போய்க் குனிந்தார். "காணும் பிள்ளை. முருகனுக்குக் காணும். நான் சொல்லுறன், எழும்பு."

அவள் நெற்றியில் மணலோடு நிமிர்ந்து பார்த்தாள். "இது என்ரை நேத்தி, அண்ணை. விடுங்கோ" என்றாள். நல்ல அன்பாகத்தான் சொன்னாள்.

அவர் பின்னால் வந்து எங்களோடு நின்றார். மனைவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் மற்றப் பக்கம் நின்றேன். முதுகில் இருந்த கட்டு வியர்வையில் நனைந்து அவிழப் பார்த்தது. அதை அமத்திப் பிடித்தபோது அவர் நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது. எத்தனையோ தரம் அந்த முதுகில் கை வைத்திருக்கிறேன், ஸ்பிரிட்டோடு, கத்தரிக்கோலோடு. ஒருநாளும் அது நடுங்கினதில்லை.

மேற்கு வீதி திரும்புகிற இடத்தில் நிழலே இல்லை. அவள் விழுந்தாள். நெற்றி மண்ணில் பட்டது. எழும்பவில்லை. கும்பிடுகிறாளா, ஏலாமல் கிடக்கிறாளா என்று எனக்கும் தெரியவில்லை.

அவர் கத்தினார். "ஐயோ" என்று, அடிவயிற்றிலிருந்து. மேளக்காரன் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தூக்குக்காவடியில் வந்துகொண்டிருந்த ஒரு பெடியன் அந்தரத்தில் இருந்தபடி தலையைத் திருப்பினான். இத்தனை வருடமாக அதே வீதியில், அதே உயரத்தில், வாயைத் திறக்காமல் வந்த மனுசன் மணலில் குந்தி, தன்னுடைய இரண்டு முழங்காலையும் கையால் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அவள் சத்தம் கேட்டு எழும்பி, இவரைப் பார்த்தாள். தனக்கு ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். பிறகு அடுத்த அடியை வைத்துக் குனிந்தாள். ஆனால் சனம் இவரைச் சுற்றித்தான் ஓடிவந்தது. ஓட்டோ ஸ்ராண்ட் பெடியளும் வந்துவிட்டார்கள்.

"என்ன? என்ன நடந்தது? ஆருக்கு?"

மனைவி அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்து, சேலைத் தலைப்பால் அவருடைய முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. இவருக்கு நோகுது."

சுற்றி நின்ற சனம் விலகி, அவருக்குக் காற்று வர இடம் விட்டது.